பன்னிக்குத் துப்பாக்கி

எங்க ஊர்ல இப்ப நாலு பேர் சேர்ந்தா பேச்சு பன்னியில தொடங்கி துப்பாக்கியில முடியுது. டீக்கடை, பால் சொசைட்டி, எழவு வீடு, எங்கே போனாலும் இதேதான். காட்டுப்பன்னி தொல்லை தாங்க முடியலை, விவசாயிக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கன்னு கலெக்டருக்கு ஒரு மனு எழுதி, ஊரே கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கு. இதை எழுதற வரைக்கும் 43 கையெழுத்து. அதுல என் கையெழுத்து இல்லை. ஏன் போடலைன்னு கேட்காத ஆள் இல்லைங்க. வீட்லயும் கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதனால ஒரே தடவையா இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல பன்னியைப் பத்திச் சொல்லிடறேன். டவுன்ல இருக்கறவங்களுக்கு அந்தக் கோபம் புரியாம துப்பாக்கிப் பேச்சு மட்டும் புரிஞ்சா, எங்க ஊர்க்காரங்களை ரத்த வெறி புடிச்சவங்கன்னு நினைச்சுடுவீங்க.

மயில் வந்தா கொத்தும், குரங்கு வந்தா பறிக்கும். பன்னி அப்படி இல்லை. அது தின்னறது கொஞ்சம், கெடுக்கறது அதிகம். ஒரு கூட்டத்துக்குப் பத்துப் பதினஞ்சு உருப்படி வரும். தாய்ப்பன்னி, குட்டிகள், பாதி வளர்ந்ததுன்னு குடும்பமா வரும். கடலைக்காய் காய் பிடிக்கிற நேரம் அதுக்கு எப்படித் தெரியுமோ, சரியா அந்த வாரம் வந்து நிக்கும். மூக்கால நெம்பி, செடியைப் புரட்டிப் போட்டு, காயை மட்டும் மென்னுட்டு அடுத்த செடிக்குப் போயிடும். விடிஞ்சு போய்ப் பார்த்தா ஏர் ஓட்டின மாதிரி இருக்கும். மக்காச்சோளத்துல தட்டையை மிதிச்சுச் சாய்ச்சுட்டு கதிரைக் கடிக்கும். குச்சிக்கிழங்குல இன்னும் மோசம். மேலே செடி பச்சையா நிக்கும், கீழே கிழங்கு இருக்காது. போன பட்டத்துல என்னோட ஒன்றரை ஏக்கர் கடலைக்காயில பாதிக்கு மேல ரெண்டே ராத்திரியில போச்சு. விதைக்காய், உழவு, களைக்கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தா அந்தப் பட்டம் பூராவும் பன்னிக்குப் பண்ணையம் பார்த்த கணக்குதான்.

நாங்க பண்ணாத வைத்தியம் இல்லை. பழைய சேலையை வேலி ஓரமாக் கட்டினோம். சலூன்ல இருந்து முடியை மூட்டை கட்டி வந்து வரப்புல தூவினோம். தகரம் தட்டினோம், வெடி போட்டோம், ஸ்பீக்கர்ல புலி உறுமற சத்தம் வெச்சோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாரம் பயப்படும். எட்டாவது நாள் அந்தச் சேலைக்கு அடியிலயே படுத்துத் தூங்கிட்டுப் போகும். சோலார் வேலி போட்டவங்க தோட்டத்துல கொஞ்சம் பரவாயில்லை. ஆனா கீழ்க்கம்பியில புல்லு உரசினா கரண்ட் இறங்கிடும், வாராவாரம் புல்லு வெட்டணும். பேட்டரி போச்சுன்னா அன்னிக்கே பன்னிக்குச் சேதி போயிடும்.

இவ்வளவு பட்ட மனுசன் துப்பாக்கி கேட்கறதுல ஆச்சரியம் இல்லைங்க. கேட்கறவங்க எல்லாரும் என்னோட சேர்ந்து ராத்திரி முழிச்சவங்கதான். அவங்க கோபத்துல ஒரு பொட்டுகூடப் பொய் இல்லை.

சட்டத்துலயும் அதுக்கு இடம் இருக்கு. இது நிறைய பேருக்குத் தெரியாது. நம்ம நாட்டு ஆயுதச் சட்டம் 1959-ல வந்தது. அதுல 13-வது பிரிவுல, பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாயில மருந்து இடிச்சுச் சுடற நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. சட்டம் எழுதினவங்க மனசுல விவசாயி இருந்திருக்கான். ஆனா அந்தத் துப்பாக்கியை வெச்சுப் பன்னியைச் சுடலாமான்னு கேட்டா, சுடக்கூடாது. அதுக்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிக்குது. காட்டுப்பன்னி அட்டவணையில இருக்கிற மிருகம். தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்துல உத்தரவு கொடுக்காம அதைச் சுட்டா ஜெயில்தான். அப்ப லைசென்ஸ் கையில இருந்தாலும் ஆகாசத்தைப் பார்த்து ஒரு சத்தம் வைக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு அஞ்சு ரூபா வெடி போதுமே.

மனுவை எழுதின நம்ம தம்பிகிட்ட இதைச் சொன்னேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மாமா, முதல்ல துப்பாக்கி வரட்டும்"னான். என் பயமே அந்த 'அப்புறம்'தான்.

சுடறதுக்கு வேற வழியே இல்லைன்னு சொல்லவும் முடியாது. 2025 ஜனவரியில தமிழ்நாட்டு அரசு ஒரு முடிவு சொல்லுச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பன்னியைச் சுடக்கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வெச்சுப் பிடிச்சுக் காட்டுக்குள்ள விடணும். மூணு கிலோமீட்டரைத் தாண்டி வந்தா, முறையா விசாரிச்சு, வனத்துறை ஆட்களே சுடலாம். விவசாயி சுடறதுக்கு இல்லை. எங்க தோட்டம் ரெண்டாவது கணக்குல வருது. எங்க பள்ளத்துல தண்ணி குடிக்கிற அதே பன்னி, விடியறதுக்குள்ள மூணு கிலோமீட்டர் தாண்டி அடுத்த ஊர்க் கரும்புக்குள்ள போய்ப் படுத்துக்குது. அதுக்குக் கிலோமீட்டர் கல்லு படிக்கத் தெரியாது. இந்த ஏற்பாட்டுல குறை இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா துப்பாக்கியை யார் கையில கொடுக்கணும்கிற விஷயத்துல அரசு யோசிச்சிருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

பக்கத்துல கேரளாவுல 2022-ல வேற மாதிரி செஞ்சாங்க. பஞ்சாயத்துத் தலைவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தாங்க. எந்த இடத்துல பயிர் சேதமாகுதோ அங்கே, ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிற, சுடத் தெரிஞ்ச ஆளை வரவழைச்சுச் சுடச் சொல்லி உத்தரவு போடலாம். சுட்ட பன்னியைக் கணக்கு எழுதிப் புதைச்சிடணும், கறிக்கு எடுக்கக்கூடாது. இதுவும் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இல்லை. ஒரு ஊருக்கு ஒரு கை, அந்தக் கைக்கு ஒரு உத்தரவு.

எங்க ஊர் மனு இந்த ரெண்டுல எதையும் கேட்கலை. தனித்தனி ஆளுக்கு, தன் வீட்ல வெச்சுக்க, தன் தோளில மாட்டிக்கிட்டுப் போகத் துப்பாக்கி கேட்குது. அங்கேதான் நான் நின்னுட்டேன்.

எங்க வீட்லயே ஒரு காலத்துல துப்பாக்கி இருந்துச்சு. எங்க அப்பாரு பேர்ல லைசென்ஸ், ஒற்றைக்குழல். ஆசாரத்துல விட்டத்துக்குக் கீழே ரெண்டு மரமுளை அடிச்சு மாட்டியிருக்கும். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கணும், முடிஞ்சதும் போய் வாங்கணும். லைசென்ஸைப் புதுப்பிக்க நடக்கணும், தோட்டா எத்தனை வாங்கினோம்னு கணக்குச் சொல்லணும். சின்னப் பையனா இருந்தப்ப அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அப்பாரு கடலைக்காட்டுக் காவலுக்குத் தோளில மாட்டிக்கிட்டுப் போறப்ப, பின்னாடியே நானும் ஒரு சோளத்தட்டைத் தோளில வெச்சுக்கிட்டு நடப்பேன். அவர் அதை வெச்சு நரி விரட்டினதைப் பார்த்திருக்கேன், முயல் சுட்டதாச் சொல்லுவாங்க. பெருமைக்குத்தான் அது அதிகமா உதவுச்சு. துப்பாக்கிக்காரர் வீடுன்னுதான் எங்க வீட்டுக்குப் பேரே.

அப்பாருக்கும் அவர் தம்பிக்கும் பாகப்பிரிவினை நடந்த வருஷம் வீட்ல பெரிய தகராறு. கிணத்துல யாருக்கு எத்தனை நாள் முறை, புளியமரம் யார் பக்கம், இதுதான் சண்டை. ரெண்டு பேரும் கோபக்காரங்க. ஒரு நாள் ராத்திரி பேச்சு முத்திப் போய் ஒருத்தரை ஒருத்தர் வாசல்ல நின்னு திட்டிக்கிட்டாங்களாம். மறுநாள் காலையில அப்பத்தா ஒரு வார்த்தை பேசாம, பெட்டியில இருந்த தோட்டாவை எல்லாம் எடுத்து ராகிக் குதிருக்குள்ள கீழே வரைக்கும் கையை விட்டுப் புதைச்சுட்டாங்க. அப்பாரு தேடினப்ப, "பாகம் பிரிஞ்சு முடியட்டும், தர்றேன்"னு சொன்னாங்களாம். ஏழு மாசம் கழிச்சுப் பத்திரம் பதிவாகி, அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிட்ட அன்னிக்குத்தான் எடுத்துக் கொடுத்தாங்க. அப்பாரு செத்த பிறகு லைசென்ஸை அப்பா பேருக்கு மாத்தலாம்னு ஆளுங்க சொன்னாங்க. அப்பத்தா முடியவே முடியாதுன்னுட்டாங்க. துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வந்தார் அப்பா. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை எங்க அப்பத்தா. ஆனா துப்பாக்கி பன்னிக்கும் நரிக்கும் மட்டும்னு ஒரு வீட்டுக்குள்ள இருக்காது, வீட்ல நடக்கிற எல்லாத்துக்கும் அது பக்கத்துலயே நிக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

கிராமத்துல சண்டை எதுக்கு வருதுன்னு பட்டணத்துல இருக்கிற உங்களுக்குத் தெரியும், நீங்களும் இங்கேருந்து போனவங்கதானே. வரப்பை ஒரு சாண் வெட்டினதுக்கு, வாய்க்காத் தண்ணியை முறை மாத்தித் திருப்பினதுக்கு, ஆடு மேஞ்சதுக்கு, கோயில்ல முதல் மரியாதைக்கு. அஞ்சு வருஷம் முந்தி எங்க பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு பங்காளிங்களுக்குள்ள மோட்டார் முறைக்குச் சண்டை. ஒருத்தன் நல்லாக் குடிச்சிருந்தான். மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினான். இடையில முப்பது நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடிக்குள்ள நாங்க மூணு பேர் போய்ப் பிடிச்சுட்டோம். ஒருத்தர் இடுப்பைக் கட்டிக்கிட்டார், நான் மம்பட்டிக் காம்பைப் பிடிச்சேன். மறுநாள் அவனுக்குப் பாதி ஞாபகமே இல்லை. இப்ப அந்த ரெண்டு பேரும் ஒரே டிராக்டர்ல வாடகை பங்கு போட்டு ஓட்டறாங்க. அருவாளுக்கும் மம்பட்டிக்கும் பக்கத்துல போகணும். போறதுக்குள்ள யாராவது மறிக்கலாம், இல்லைன்னா அவனுக்கே கால் தடுக்கலாம், புத்தி வரலாம். துப்பாக்கிக்கு அந்த நாற்பது அடி கிடையாது. நின்ன இடத்துல ஒரு விரல் அசைஞ்சாப் போதும்.

இன்னொண்ணும் சொல்லணும், எழுதக் கஷ்டமா இருக்கு. நம்ம ஊர்கள்ல கடன், வீட்டுச் சண்டை, பரீட்சைத் தோல்வின்னு ஒரு நிமிஷ விரக்தியில உயிரை விட்டவங்க எத்தனை பேர். அவங்கள்ல நிறைய பேர் அந்த ஒரு ராத்திரியைத் தாண்டியிருந்தா இன்னைக்கு நம்மகூட இருப்பாங்க. இலங்கையில ரொம்ப விஷமான பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணினாங்க. 1995-க்கு அப்புறம் இருபது வருஷத்துல அங்கே தற்கொலை விகிதம் 70 சதவீதம் அளவுக்குக் குறைஞ்சுது. ஜனங்க கஷ்டம் குறைஞ்சதால மட்டும் அப்படி ஆகலை, கைக்கு எட்டற தூரத்துல எமன் இல்லாமப் போனதுதான் பெரிய காரணம்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. மருந்து டப்பாவையே வீட்டுக்குள்ள வைக்காதீங்கன்னு நான் நம்ம பசங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்த வீட்டு ஆசாரத்துல துப்பாக்கியை எப்படி மாட்டச் சொல்றது?

அப்புறம், லைசென்ஸ் தாராளமாக் கொடுக்கறாங்கன்னே வெச்சுக்குவோம். யார் கைக்குப் போகும்? துப்பாக்கியும் தோட்டாவும் சும்மா வராது. பத்திரமாப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி, அலுவலகத்துக்கு நடக்க நேரம், நாலு பேரைத் தெரிஞ்சிருக்கிற செல்வாக்கு எல்லாம் வேணும். ரெண்டு ஏக்கர் குத்தகைக்காரனுக்குக் கடைசியிலதான் வரும். முதல்ல ஐம்பது ஏக்கர்க்காரர் வாசலுக்குப் போகும். நம்ம ஊர்ல யார் நிலம் வெச்சிருக்காங்க, யார் கூலிக்குப் போறாங்க, அவங்க எந்தத் தெருவுல இருக்காங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில கூலி உயர்வு கேட்ட சனங்கள்ல 44 பேர் ஒரே குடிசைக்குள்ள எரிஞ்சு செத்தாங்க. அன்னிக்கு நிலக்காரங்க பக்கத்துல இருந்து வந்தவங்ககிட்டத் துப்பாக்கியும் இருந்தது. அது வேற மாவட்டம், வேற காலம்னு சொல்லலாம். எங்க ஊர்ல அப்படி நடக்காதுன்னு நானும் நம்பறேன். ஆனா ஊருக்கும் காலனிக்கும் ஒரு திருவிழாவுல சின்ன உரசல் வர்றப்ப, ஒரு பக்கம் மட்டும் தோளில துப்பாக்கி இருந்தா அந்த உரசல் பேச்சுல முடியும்னு எனக்கு உறுதியா சொல்ல முடியலை.

இதுக்கு எதிர்க்கேள்வி கேட்கறவங்க வெள்ளைக்காரனைச் சொல்லுவாங்க. சரியான கேள்விதான். 1857-ல சிப்பாய்கள் எழுந்ததுக்கு அப்புறம் பயந்துபோன ஆட்சி, 1878-ல லிட்டன் காலத்துல ஆயுதச் சட்டம் கொண்டுவந்து இந்தியன் கையில ஆயுதம் இருக்கக்கூடாதுன்னு செஞ்சுது. வெள்ளைக்காரங்களுக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். அது அவமானமான சட்டம், காந்தியே அதைக் கண்டிச்சார். 1931-ல கராச்சி காங்கிரஸ் போட்ட அடிப்படை உரிமைத் தீர்மானத்துல, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வெச்சுக்கற உரிமையும் ஒண்ணு. ஆனா சுதந்திரம் வந்து அரசியல் சட்டம் எழுதறப்ப அதைச் சேர்க்கலை. எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில அதைச் சேர்க்கணும்னு கேட்டார். அம்பேத்கர் ஏத்துக்கலை. பிரிவினைக் கலவரம் முடிஞ்சு ஈரம் காயாத நேரம் அது. யார் கையில ஆயுதம் இருந்தா என்ன ஆகும்னு அந்தச் சபையில உட்கார்ந்திருந்தவங்க கண்ணாலயே பார்த்திருந்தாங்க. அதனால நம்ம நாட்டுல துப்பாக்கி உரிமை இல்லை, அனுமதி மட்டும்தான். அந்த வித்தியாசம் எனக்குச் சரியாப் படுது.

அமெரிக்காவுல அது உரிமை. 1791-ல இருந்து அவங்க அரசியல் சட்டத்துல இருக்கு. 100 பேருக்கு 120 துப்பாக்கி இருக்கிற நாடு. என் சம்சாரத்தோட அக்கா பையன் டெக்சாஸ்ல இருக்கான். அங்கே 2021-ல இருந்து லைசென்ஸ்கூட இல்லாம இடுப்புல சொருகிக்கிட்டுப் போகலாமாம். "காய்கறிக் கடையிலயே பார்க்கலாம் சித்தப்பா, பழகிடுச்சு"ன்னான். அதே டெக்சாஸ்ல யுவால்டின்னு ஒரு சின்ன ஊர். 2022 மே மாசம் பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குள்ள போய் 19 குழந்தைகளையும் 2 டீச்சர்களையும் சுட்டுக் கொன்னான். அவன் துப்பாக்கியைச் சட்டப்படி கடையில வாங்கியிருந்தான். நல்லவன் கையில துப்பாக்கி இருந்தா கெட்டவனைத் தடுக்கலாம்னு சொல்றாங்களே, அன்னிக்கு அங்கே துப்பாக்கியோட நூத்துக்கணக்கான போலீஸ் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியே நின்னாங்க. பயிற்சி எடுத்தவங்களுக்கே அந்த நேரத்துல கை வரலை.

நம்ம பக்கத்துலயே வேற ஒரு உதாரணம் இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்லணும். குடகு. குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வெச்சிருக்கறவங்களுக்கும் அங்கே லைசென்ஸ் வேண்டாம்னு வெள்ளைக்காரன் காலத்துல இருந்து விலக்கு. 2021-ல கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும்னுடுச்சு. மிளகுக்கொடி வாங்க அங்கே ஒரு தடவை போயிருந்தேன். கைல்போத் பண்டிகைக்குத் துப்பாக்கியை எடுத்துத் துடைச்சு, பூ வெச்சுக் கும்பிடறாங்க. குழந்தை பிறந்தா வானத்தைப் பார்த்துச் சுடறது வழக்கம்னு அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டு இல்லையேன்னு எங்க ஊர்க்காரங்க கேட்பாங்க. அவங்களுக்கு அது தலைமுறை தலைமுறையா வந்த ஒரு கட்டுப்பாடு. எப்ப எடுக்கணும், எப்ப எடுக்கக்கூடாதுன்னு பாட்டன் சொல்லிக் கொடுத்து வளர்ந்தவங்க. நமக்கு அது புதுசா வர்ற சாமான். புது பைக் வாங்கின பையன் முதல் மாசம் எப்படி ஓட்டறான்னு பார்க்கறோம்தானே. இன்னொரு விஷயம், அவ்வளவு துப்பாக்கி இருந்தும் குடகுல காப்பித் தோட்டத்துக்குள்ள யானையும் பன்னியும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. வனவிலங்குச் சட்டம் அவங்களுக்கும் ஒண்ணுதான்.

சுடற விஷயத்தையே எடுத்துக்குங்க. பன்னி வர்றது நடு ராத்திரி. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல நிக்குது. உள்ளே சலசலன்னு சத்தம் கேட்குது. அது பன்னியா, எதிர்த் தோட்டத்துல இருந்து வாய் வைக்காம டார்ச்சை அணைச்சுட்டுக் காவல் பார்க்க வந்த ஆளா? பன்னின்னு நினைச்சு மனுசனைச் சுட்டுட்டாங்கன்னு பேப்பர்ல அப்பப்பப் படிக்கிறோம். எங்க ஊர்ல ஒரு ராத்திரிக்குப் பத்துப் பதினஞ்சு பேர் வரப்புல நடமாடறோம். ரவை போட்ட துப்பாக்கி ஒரே புள்ளியில போகாது, விரிஞ்சு போகும். அடி பட்ட பன்னியைப் பத்தியும் தெரிஞ்சுக்கணும். சாகாத பன்னி ஓடாது, திரும்பி வரும். அதோட கோரைப்பல் தொடையில ஏறினா ரத்தம் நிக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாது. ஒரு தடவை சுட்டா மறுபடி மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கியை வெச்சுக்கிட்டு அப்ப என்ன பண்றது?

இவ்வளவு சொல்றியே, அப்ப பன்னிக்கு என்னதான் வழின்னு கேட்பீங்க. கேட்கணும். ஏன்னா வழி இல்லைன்னா ஜனங்க சும்மா இருக்கறதில்லை. திருட்டுத்தனமாக் கரண்ட்டை வேலியில விடறாங்க. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்துல அப்படி விட்ட கம்பியில மாட்டி மூணு யானை செத்துச்சு. ரெண்டு குட்டிங்க மட்டும் தப்பி, செத்துக் கிடந்த பெரிசுகளைச் சுத்திச் சுத்தி வந்ததை டிவியில பார்த்தவங்க மறந்திருக்க மாட்டீங்க. அந்தக் கம்பியில யானை மட்டும் சாகறதில்லை, காலையில வெளிக்குப் போற மனுசனும் சாகறான். பழத்துக்குள்ள வெடி வைக்கிற அவுட்டுக்காய் இன்னொரு கொடுமை. பன்னிக்கு வெச்சதை மாடு கடிச்சு வாய் கிழிஞ்சதை நானே பார்த்திருக்கேன். துப்பாக்கி கேட்கறவங்க இதைத்தான் சொல்றாங்க: "திருட்டுக் கம்பியை விடச் சட்டப்படி துப்பாக்கி மேல் இல்லையா?" அவங்க வாதத்துலயே பலமான வாதம் இதுதான். நான் ரொம்ப நாள் இதை யோசிச்சேன். கம்பியை விட மேல்தான். ஆனா ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்தாகணும்னு யார் சொன்னது?

அதனால நான் தனியா ஒரு மனு எழுதினேன். அதுல நாலு விஷயம். ஒண்ணு, மூணு கிலோமீட்டர் கணக்கைப் பயிர் சேதத்தைப் பார்த்து மாத்தணும். எங்க மாதிரி இடைப்பட்ட ஊர்ல கூண்டு வெச்சுப் பிடிக்கிறதைப் பேருக்கு இல்லாம நிஜமாச் செய்யணும், கூண்டுக்கு அடங்காத கூட்டத்தைப் பயிற்சி எடுத்த வனத்துறை ஆளே சுடணும். ரெண்டு, சுடற அன்னிக்கு ஊருக்குத் தண்டோராப் போட்டு, யாரும் தோட்டத்துக்குள்ள இல்லைன்னு உறுதி பண்ணணும். மூணு, சோலார் வேலியைத் தனித்தனியா இல்லாம ஊர் எல்லைக்குச் சேர்த்து ஒரே வேலியாப் போட மானியம் தரணும், ஏன்னா நான் வேலி போட்டா பன்னி பக்கத்துக்காரன் தோட்டத்துக்குத்தான் போகுது. நாலு, நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்கு முன்னாடி கைக்கு வரணும். போன வருஷம் எழுதிக் கொடுத்த ஒரு விண்ணப்பத்துக்கு மூணு அலுவலகம் நடந்தேன். போட்டோ எடுக்க ஆள் வந்தப்ப அந்தக் காட்டுல அடுத்த பயிர் முளைச்சு நின்னுச்சு. நஷ்ட ஈடு நேரத்துக்கு வந்தா, பாதிப் பேர் துப்பாக்கியைப் பத்திப் பேசவே மாட்டாங்கங்கறது என் கணிப்பு.

என் மனுவுல இதுவரைக்கும் 11 கையெழுத்து. அதுல ஏழு பொம்பளைங்க. அவங்க ஏன் போட்டாங்கன்னு நான் கேட்கலை, கேட்க வேண்டியதும் இல்லை. ரெண்டு மனுவுலயும் போட்டவங்களும் நாலு பேர் இருக்காங்க. எது முதல்ல வருதோ வரட்டும்ங்கறாங்க. ஊர்க்கூட்டத்துல ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "உனக்கு அடுத்த பட்டமும் பன்னி புகுந்தா அப்பத் தெரியும்"னார். எனக்கு வருத்தம் இல்லை. அவர் குச்சிக்கிழங்கு போன மாசம்தான் போச்சு.

எங்க வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கார மாப்பிள்ளை துப்பாக்கி மனுவுல மூணாவது கையெழுத்து. இந்த வாரம் ராத்திரிக் காவல் முறை எங்க ரெண்டு பேருக்கும். ஒம்பது மணிக்கு டார்ச்சும் தகர டின்னும் எடுத்துக்கிட்டு சாளைக்குப் போகணும். ரெண்டு மணி வரைக்கும் அவர் முழிப்பார், அப்புறம் நான். ரெண்டு மனுவும் அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கொடுக்கறதா இருக்கு. பஸ்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறோம்.